இடுக்கியில் இருந்த பாதி ஈ

மாலை 4.50.

கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் மகள் வீடு திரும்பியபோது முன்கதவு தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. "அப்பா" என்று கூப்பிட்டாள். பின்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஊருக்கே வாத்தியாரான அப்பா மேஜைக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். பலமுறை வாந்தி எடுத்திருந்தார். வலது கை மேஜைக் காலை இறுகப் பிடித்திருந்தது. அந்த விரல்களைப் பிரிக்க அவளால் முடியவில்லை.

5.35. இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. அதிகம் பேசாதவர், மற்றவர்களையும் அதிகம் பேச விடாதவர். பின்னால் ஏட்டு.

"இது என்ன அறை?"

"அப்பாவோட தூண்டில் அறை," என்றாள் மகள். "ஆத்துல மீன் முட்டை போடற மூணு மாசம் தூண்டில் போடக் கூடாது. அந்த மூணு மாசமும் அவர் இங்கதான் இருப்பார். சனிக்கிழமை மத்தியானம் கூட்டாளிங்க மூணு பேரும் வந்துடுவாங்க. பல் டாக்டர், பேக்கரிக்காரர், தையல்காரர்."

சுவரில் தூண்டில் கம்புகள் உயர வரிசையில் சாய்ந்திருந்தன. மார்பளவு வரும் ரப்பர் கால்சட்டை ஒன்று, முழங்காலில் புது ஒட்டுப் போட்டு, ஆணியில் தொங்கியது. பக்கத்தில் கண்ணாடிச் சட்டம். அதற்குள் நான்கு போலி ஈக்கள், ஒவ்வொன்றின் கீழும் கட்டியவர் பெயர்ச் சீட்டு. மேஜை மேல் சிறிய இரும்பு இடுக்கி. அதன் வாயில் ஒரு தூண்டில் முள், முள்ளின் மேல் பாதி கட்டிய ஈ. நீல இறகு ஒன்று அதில் விறைத்து நின்றது. நூல்கண்டு கீழே தொங்கியது.

ஏட்டு குனிந்து பார்த்தார். "மீனை ஏமாத்த ஈ செய்யறாங்களா? நம்ம ஸ்டேஷன்ல நிஜ ஈயே நிறைய இருக்கே."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். உள்ளே பாடம் செய்த பழைய நீலப் பறவை. இறக்கையில் இரண்டு மூன்று இறகுகள் குறைந்திருந்தன. பெட்டியின் பின்கதவு திறந்திருந்தது.

"இது யாரோடது?"

"பல் டாக்டர் மாமா குடுத்தது. ஏதோ பழைய பங்களா சாமானை வித்தாங்களாம். அப்பாவுக்கு இறகு உதவும்னு போன மாசம் வாங்கிட்டு வந்தார்."

சன்னலுக்குக் கீழே அலமாரியில் கறுப்பு அட்டை நோட்டுகள். முதுகில் வருடம் ஒட்டியிருந்தது.

"ஆத்து நோட்டு," என்றாள் மகள். "எந்த நாள், எத்தனை மணி, எந்த மடுவு, என்ன ஈ, யாரைப் பாத்தோம், எல்லாம் எழுதுவார். முப்பது வருஷமா."

இன்ஸ்பெக்டர் வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார். கம்புகளைக்கூட உயரம் பார்த்துச் சாய்த்து வைத்த மனிதர். ஆனால் நோட்டுகளில் இரண்டு இடம் மாறியிருந்தன. ஒரு வருடம் அங்கே இல்லவே இல்லை.

*

மூன்றாம் நாள், காலை 11.15. பிணவறை டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆர்சனிக். அந்தக் காலத்துல பறவைத் தோல் அழுகாம இருக்க இதைத்தான் உள்ள பூசுவாங்க. உங்க நீலப் பறவைக்குள்ள வெள்ளையா அப்பியிருக்கு. செத்தவருக்கு நூலை வாயில ஈரம் பண்ற பழக்கம் உண்டா?"

"உண்டாம். எல்லாருக்கும் தெரியுமாம்."

"அப்போ விபத்துன்னு எழுதலாம். ஒரே ஒரு இடறல். வயித்துல இருந்த அளவு அதிகம். நூலை நக்கினா இவ்வளவு போகாது."

"எப்போ உள்ள போச்சு?"

"காலையில. உயிர் போனது மத்தியானத்துக்கு மேல. நடுவுல நாலஞ்சு மணி நேரம் கஷ்டப்பட்டிருப்பார்."

*

நண்பகல் 12.30. பல் மருத்துவமனை பூட்டியிருந்தது. கதவில் சீட்டு: மறு அறிவிப்பு வரை விடுமுறை. டாக்டர் உள்ளேதான் இருந்தார். நோயாளிகளின் நாற்காலியில், சவரம் செய்யாத முகத்தோடு.

"நான்தான் கொன்னேன்," என்றார். "அந்தச் சனியன் பிடிச்ச பறவையை நான்தானே தூக்கிட்டுப் போனேன். விஷம் இருக்கும்னு ஒரு டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?"

"சம்பவத்தன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"இங்க. காலையில இருந்து பதினாலு பேர். ரிஜிஸ்டர் இருக்கு."

"கடைசியா சேர்ந்து உக்காந்தது?"

"அதுக்கு முந்தின சனிக்கிழமை. வாத்தியார் குஷியா இருந்தார். பழைய நோட்டையெல்லாம் புஸ்தகமாப் போடப் போறார், பொண்ணு டைப் பண்ணிட்டிருந்தா. 'ஒன்பது வருஷத்துக்கு முந்தின நோட்டுக்கு வந்தாச்சு, அதுல நீங்க எல்லாருமே இருக்கீங்க' அப்படின்னார். எல்லாரும் சிரிச்சோம்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று சம்பந்தமில்லாமல் கேட்டார். "ஈ கட்ட எனக்கு ஒரு தடவை காட்டுவீங்களா?"

டாக்டருக்கு அது ஏதோ தண்டனையிலிருந்து தற்காலிக விடுதலை போல இருந்திருக்க வேண்டும். எழுந்து போய் இடுக்கியைக் கொண்டு வந்தார். முள்ளின் காது வலப்பக்கம் பார்க்க மாட்டினார். இடது கையால் இறகைப் பிடித்து, வலது கையால் நூலை மேலே தூக்கி, தன்னை விட்டு அப்பால் கொண்டுபோய், அடியில் வாங்கினார். திரும்பத் திரும்ப.

"எப்பவும் அப்பால்தான்?"

"கை வந்துட்டா மாத்த முடியாதும்மா. கண்ணை மூடினாலும் அப்படித்தான் போகும்."

*

பிற்பகல் 2.00. பேக்கரி. மாவு படிந்த முன்னங்கையோடு பேக்கரிக்காரர் வந்தார். ஊரில் அவருக்கு 'இடக்கை' என்றுதான் பெயர். பேனா, கரண்டி, கைகுலுக்கல் எல்லாம் இடது.

"அன்னிக்கு?"

"அடுப்புக்கிட்ட. விடியக்காலம் நாலு மணியிலிருந்து மத்தியானம் ரெண்டு வரைக்கும். வேலை செய்யற ஆறு பேரையும் கேளுங்க." கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் இமையில் மாவு ஒட்டியது. "அவர்தான் எனக்கு ஈ கட்டச் சொல்லிக் குடுத்தார். பக்கத்துல உக்கார வெச்சு, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி."

3.10. தையல் கடை. தையல்காரர் மெல்லிய ஆள். குரலும் மெல்லியது. சுவரில் இறந்துபோன மனைவியின் படம். ஒன்பது வருடத்துக்கு முன் ஆற்றில் வழுக்கி விழுந்து போனவர் என்று ஏட்டு வழியிலேயே சொல்லியிருந்தார்.

"அன்னிக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன். ஒன்பதரைக்கு. அவரோட ரப்பர் கால்சட்டை முழங்கால்ல ஓட்டை, ஒட்டுப் போட்டுக் குடுத்தேன். கால் மணி நேரம் இருந்திருப்பேன். நல்லாத்தான் பேசினார்."

"அப்புறம்?"

"கடைக்கு வந்துட்டேன்."

"கடையில யாராவது பாத்தாங்களா?"

"அன்னிக்குக் கடைக்கு யாரும் வரலை. உள்ள உக்காந்து தெச்சிட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டரின் சட்டைக் கையில் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரர் கேட்காமலே ஊசியை எடுத்து இரண்டு தையல் போட்டார். மிச்ச நூலை வெட்ட இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்தார். நூல் வெட்டுப்படவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கி வழுக்கியது. மறுபடி முயன்றார். மறுபடியும் மடங்கியது.

"சாணை பிடிக்கணும்," என்று தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

வாக்குமூலத்தில் வலது கையால், குண்டு குண்டான எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

*

மாலை 5.20. இன்ஸ்பெக்டர் வாத்தியாரின் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் பூதக்கண்ணாடி. இடுக்கியில் பாதி ஈ. நூலைப் பிடித்து, டாக்டர் சுற்றியதற்கு நேர் எதிராகப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. இறுகியது.

சட்டத்தைக் கழற்றி நான்கு ஈக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாத்தியாரின் பெட்டிகளைத் திறந்து இன்னும் ஐம்பது பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"அலமாரியில ஒரு நோட்டு இல்லை."

"அது என்கிட்ட இருக்கே. கோர்ட்ல, என் மேஜை டிராயர்ல. சாப்பாட்டு நேரத்துல டைப் பண்றேன்." மகள் தயங்கினாள். "யாரும் கேக்கலையே."

"இப்போ கேக்கறேன்."

*

சனிக்கிழமை, பிற்பகல் 3.00. வழக்கமான நேரம். வழக்கமான நாற்காலிகள். வாத்தியாரின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மகள் கதவருகே நின்றாள்.

"வாத்தியார் விபத்துல சாகலை," என்றார் இன்ஸ்பெக்டர். "வயித்துல அவ்வளவு விஷம் இருந்தது. யாரோ பறவைக்குள்ள இருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, குடிக்கறதுல கலந்து குடுத்திருக்காங்க. அப்புறம் இறகைப் பிடுங்கி, இந்த ஈயைப் பாதி கட்டி, நூலை நக்கித்தான் போனார்னு நாம நினைக்கற மாதிரி வெச்சுட்டுப் போயிருக்காங்க. இந்த ஈயை வாத்தியார் கட்டலை."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"முள்ளோட காதுப் பக்கமிருந்து பாருங்க. வாத்தியார் கட்டின ஈயில நூல் கடிகாரம் சுத்தற மாதிரி போகுது. டாக்டர் கட்டினதுலயும் அப்படியே. இதுல மட்டும் எதிர்ப்பக்கமாப் போகுது. இடது கையால கட்டினா இப்படித்தான் வரும்."

ஏட்டு பேக்கரிக்காரர் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"நில்லுங்க ஏட்டு. சட்டத்துல இருக்கற அவரோட ஈயையும் பாத்தேன். அதுவும் வாத்தியார் மாதிரியேதான். பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்கிட்டவர். மத்த எல்லாத்துக்கும் இடது கை, இதுக்கு மட்டும் வலது." இன்ஸ்பெக்டர் தையல்காரரைப் பார்த்தார். "நீங்க எதிர். எழுதறதுக்கு மட்டும் வலது கை. பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்தினாங்களா?"

தையல்காரர் இடது கையை மேஜைக்குக் கீழே இறக்கினார்.

"சட்டத்துல இருக்கற நாலுல உங்க ஈ ஒண்ணுதான் எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கு. உங்க கத்தரிக்கோல் மழுங்கலை. அது இடது கைக்காரங்களுக்குன்னு செஞ்சது, என் கையில அது வெட்டாது. இங்க வேலை முடிஞ்சதும் முள்ளை வாத்தியார் வைக்கற பக்கமாத் திருப்பி மாட்டிட்டீங்க. முள்ளைத் திருப்பலாம். சுத்தின நூலைத் திருப்ப முடியாது."

"எதுக்கு?" என்றாள் மகள். "எங்கப்பா உங்களுக்கு என்ன பண்ணினார் மாமா?"

இன்ஸ்பெக்டர் கறுப்பு நோட்டைத் திறந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. நிதானமாக வாசித்தார்.

"'புதன். காலை 7.10. மேல் மதகு. தண்ணீர் அதிகம், மீன் இல்லை. எதிர்க்கரையில் தையல்காரர், மனைவியுடன். கை காட்டினேன், கவனிக்கவில்லை. மத்தியானம் மகளின் ஆப்பரேஷனுக்காக வெளியூர் கிளம்ப வேண்டும்.'"

மூடினார். "அந்தப் புதன்கிழமை நீங்க துணி எடுக்க வெளியூர் போயிருந்ததா போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீங்க. செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும். உங்க மனைவி உடம்பு வெள்ளிக்கிழமை கீழ்ப்பாலத்துல கிடைச்சுது. வாத்தியார் ரெண்டு மாசம் கழிச்சுதான் ஊருக்குத் திரும்பினார். அவரைப் பொறுத்தவரைக்கும் நீங்க ஊர்ல இல்லாத நேரத்துல நடந்த சாவு. தேதியை ஒப்பிட்டுப் பாக்கணும்னு தோணவே இல்லை. நோட்டு புஸ்தகமா வந்தா வேற யாருக்காவது தோணும். அதனால நோட்டைத் தேடினீங்க, வரிசையைக் கலைச்சுட்டீங்க. அது கோர்ட்ல இருந்தது."

இன்ஸ்பெக்டர் நோட்டை மேஜை மேல் வைத்தார்.

"அவருக்கு வலி வந்துச்சு," என்றார் தையல்காரர், யாரையும் பார்க்காமல். "காபி குடிச்சு அரை மணி நேரத்துல. 'டாக்டரைக் கூப்பிடுப்பா'ன்னார். கூப்பிட்டாச்சு, வந்துட்டிருக்கார்னு சொன்னேன். 'கிட்ட இரு'ன்னார். இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி வரைக்கும். அப்போதான் அந்த ஈயைக் கட்டினேன். அவர் பாத்துட்டிருந்தார்."

மகள் வெளியே போனாள். கூடத்தில் எதுவோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. பல் டாக்டர் எழுந்து அவள் பின்னால் போனார். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் கால்கள் நேராக நடந்தன.

*

4.40. தையல்காரரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டர் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு நடந்தே போனார். தையல்காரரின் மனைவிக்கு ஒரு அக்கா இருந்தார். ஒன்பது வருடத்துக் கோப்பை மறுபடி திறப்பதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தது.

"தங்கச்சி போனதுலேருந்து வருஷா வருஷம் என் பசங்களுக்கு அவன்தான் சட்டை தெச்சுக் குடுப்பான்," என்றார். "எத்தனை சொன்னாலும் காசு வாங்க மாட்டான். எவ்வளவு நல்ல மனுஷன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

மடித்த அடுக்கிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். மொத்தம் ஏழு. அவற்றைத் தரையில் தனியாகப் போட்டார்.

"சின்னவன் ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான்," என்றார். "அஞ்சு மணிக்கு வந்துடுவான். அதுவரைக்கும் கொஞ்சம் இருக்கீங்களா? கழட்டுடான்னு நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.