எஞ்சினுக்குள் படிந்த கிணறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராக்டரை ஓட்டிப் பார்ப்பது வஞ்சிக்கொடியின் வழக்கம். எங்கும் போக மாட்டாள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்திருக்கும் அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிடுவாள். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். இத்தனை வருடங்களாக அதை யாரும் நிறுத்தவில்லை.

மலையடிக் குடியிருப்பில் எதையும் யாரும் சரிசெய்வதில்லை. எதிர்வீட்டில் உள்ளே உப்பேறிய இட்லிப் பானை ஒன்று இருக்கிறது. அதைத் தேய்க்கக் கை வைத்தால் வீட்டுக்காரர் அடிக்க வருவார். அடுத்த தெருவில் ஒருவர் காட்டு மண் ஒட்டிய செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். இங்கே அழுக்குக்குத்தான் மதிப்பு.

காரணம் எளிது. பத்திரம், புகைப்படம், குரல், கைரேகை எல்லாவற்றையும் செயற்கை அறிவு நொடியில் செய்து தந்துவிடும் என்றான பிறகு, எந்தக் காகிதத்தையும் யாரும் நம்பவில்லை. மனிதர்களின் சொல்லை அதற்கு முன்பே நம்பாமல் விட்டிருந்தார்கள். எஞ்சியது பொருள். ஒருவர் எந்த ஊர் என்பதை அவர் புழங்கிய பொருளில் படிந்திருக்கும் உப்பும் மண்ணும் சொல்ல வேண்டும். அதற்குப் பொருட்சாட்சி என்று பெயர்.

நிலத்தடி நீர் வற்றிக் காலி செய்யப்பட்ட ஊர்களில் வஞ்சிக்கொடியின் வெள்ளக்கல்வலசும் ஒன்று. இப்போது அங்கே நீர் திரும்பிவிட்டது. சாட்சி உள்ளவர்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்கும். வஞ்சிக்கொடியிடம் இருந்த சாட்சி அவள் அப்பாவின் டிராக்டர். அப்பாவின் கிணற்றுத் தண்ணீர் எஞ்சின் சுவருக்குள் உப்பாகப் படிந்திருந்தது. தூக்கி வந்த திருட்டு வண்டி இல்லை என்று காட்ட, பொருள் உயிரோடும் இருக்க வேண்டும். சாட்சியாளர் வந்து படிமானி என்ற கருவியால் உப்பின் அடுக்குகளைப் படித்து முடித்த பிறகு, எஞ்சின் சூடேறி நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும். அதனால்தான் கடைசியில் தம்பி சேனாபதியைக் கூப்பிட்டாள்.

அவன் முதலில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். தண்ணீர் பம்ப்பின் சீலை மாற்றினான். கிளிப்புகளை மாற்றினான். எஞ்சினுக்குள் மட்டும் தண்ணீர் நிரப்பிப் பார்த்தான். மறுபடியும் சொட்டியது.

"டம்மிதான்க்கா ஒழுகுது," என்றான். எஞ்சின் சுவரில் உள்ள ஓட்டையை அடைக்கும் வட்டத் தகட்டுக்குத்தான் டம்மி என்று பெயர். "கழட்டியே ஆகோணும்."

"உள்ள எதையும் சொரண்டிப் போடாத."

"நான் என்ன பல்லு டாக்டரா, சொரண்டறதுக்கு?"

வஞ்சிக்கொடியின் மகள் தாமிரா வாசலில் நின்று சிரித்தாள். காற்றாலை வேலைக்குப் போகும் சீருடையில் இருந்தாள். "விடுங்க மாமா. எங்கப்பாகூட அம்மா இவ்வளவு நேரம் உக்காந்து பேசிருக்க மாட்டாங்க. மனுசன் எதும் சொல்லாம போய்ச் சேந்துட்டாரு."

"வாயப் பாரு. நாளைக்கு நம்ம கெணத்துத் தண்ணியக் குடிச்சா அப்பறம் பேச மாட்ட."

"அப்படி என்னதான் இருக்கும் அந்தத் தண்ணில?"

"கல்லு ருசி," என்றாள் வஞ்சிக்கொடி. "வெயில்ல ஓடி வந்து தொட்டில வாய வெச்சுக் குடிப்போம். பல்லுல கூசும். பருப்பு சீக்கிரம் வேகாது, சோப்பு நுரைக்காது. ஒரு மண்ணுக்கும் ஆகாத தண்ணி."

சேனாபதி உளியை வைத்துத் தட்டினான். துருப்பிடித்த டம்மி திரும்பிக்கொண்டு வெளியே வந்தது. கைவிளக்கை உள்ளே காட்டியவன், "அக்கா, இங்க வா," என்றான்.

இரும்பை ஒட்டி வெள்ளைப் படிவு, சுண்ணாம்பு அடித்ததுபோல். அது கிணறு. அதன் மேல் செங்கல் நிறத்தில் இன்னொரு படிவு. அதுதான் தடிமனாக இருந்தது.

"இது இந்த ஊருத் தண்ணி," என்றான் சேனாபதி. "துருத் தண்ணி."

"அதெப்படி இவ்வளவு?"

"ஒழுகாத எஞ்சின்ல அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும். அதுல எவ்வளவு உப்பு இருந்தரப் போகுது? நாம ஒழுக ஒழுகப் புதுசா ஊத்திட்டே இருந்தோம். ஊத்தற தண்ணிக்கெல்லாம் உப்பு படிஞ்சுக்கிச்சு."

வஞ்சிக்கொடிக்குப் புரிந்தது. சாட்சி கெட்டுவிடும் என்று பயந்து ஒழுகவிட்டிருந்தாள். சாட்சியைக் கெடுத்தது அந்த ஒழுகல்தான். நிலம் தரும் ஆயத்தின் விதிப்படி தடிமனான படிவு எந்த ஊரோ அதுவே ஆளின் ஊர்.

"மேல இருக்கறது மட்டும் போகுமா?" என்று கேட்டாள்.

"ஆசிட்ட தண்ணி கலந்து விட்டா மேல இருக்கறதுதான் மொதல்ல கரையும். நேரத்துக்கு நிறுத்தோணும்." சேனாபதி அவள் முகத்தைப் பார்த்தான். "வேண்டாமுன்னாலும் சொல்லு."

"கழுவு."

அவன் ஓட்டையை ரப்பரால் அடைத்து, எஞ்சினுக்குள் ஆசிட்டை ஊற்றிக் காத்திருந்து, கீழ்க்குழாயைத் திறந்தான். செம்மண் கரைசலாக வழிந்து வாய்க்காலில் போய்ச் சேர்ந்தது. வஞ்சிக்கொடி நின்று பார்த்தாள். அவள் கல்யாணமும், மகள் பிறந்ததும், புருஷனைப் புதைத்ததும் அந்தத் தண்ணீரின் காலத்தில்தான். கரைசல் வெளிறத் தொடங்கியதும் சேனாபதி நிறுத்தி, சோடா உப்புத் தண்ணீரால் அலசினான். உள்ளே வெள்ளை மட்டும் இருந்தது. புது டம்மியை அடித்து இறக்கி, ரேடியேட்டரை மாட்டினான். எஞ்சின் ஓடியது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாட்சியாளர் வந்தார். ரெஜினா என்று பெயர், கடற்கரைப் பக்கத்துக்காரர். எஞ்சினின் மேல்மூடி வழியாகத் தடித்த ஊசியைச் செலுத்தி, படிமானியின் திரையைக் கவனித்தார். எஞ்சினை ஓடவிடச் சொல்லி நெடுநேரம் கேட்டார். அது நிற்கவில்லை.

"வெள்ளக்கல்வலசு நீர்தான்மா. சுத்தமா இருக்கு. நிலம் வந்துரும்."

வஞ்சிக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாமிரா மோர் கொண்டு வந்து கொடுத்தாள். ரெஜினா குடித்துக்கொண்டே, "இது யாரு?" என்றார்.

"என்ற மகளுங்க."

"எங்க பொறந்தா?"

வஞ்சிக்கொடி தரையைக் காட்டி, "இங்கதானுங்க," என்றாள். ரெஜினா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொருள் சொல்றத மட்டும்தான் நான் எழுத முடியும். நீங்க ஊர விட்டு வந்த வருஷத்தோட இதுல படிவு நின்னு போச்சு. நீங்க இந்த ஊர்ல இருந்ததுக்குச் சாட்சி இல்ல. அந்த ஊர்ல அதுக்கப்புறம் யாருமே இல்ல. அப்ப இந்தப் பொண்ண எந்த ஊருன்னு எழுத? ஊர் இல்லாதவங்க கடல்ல மிதக்கற முகாமுக்குத்தான் போகணும்."

"அம்மா," என்றாள் தாமிரா.

"நாங்க கழுவிட்டமுங்க," என்றாள் வஞ்சிக்கொடி. "செவப்பா இருந்துச்சு. இத்தன தடிமனா. கழுவிட்டோம்."

"சொல்றத எழுத முடியாதும்மா." ரெஜினாவின் குரலில் கோபம் இல்லை. இதே பேச்சை இதற்கு முன்பும் பலமுறை கேட்டவர்போல் இருந்தார். "நீங்க இங்க இருந்ததுக்கும் ஒரு பொருள் வேணும். அது கெடச்சா, வீட்டுக்கு ஒரே ஊர்னு எல்லாரையும் இங்க எழுதிக்கலாம். அப்ப வெள்ளக்கல்வலசுல நிலம் கெடைக்காது."

வாய்க்காலில் விட்ட கரைசலை நேற்றைய மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. வஞ்சிக்கொடி தம்பியைப் பார்த்தாள். "ரேடியேட்டர்ல ஆசிட் விட்டியா?"

"இல்லக்கா. அது அப்பக் கழட்டி வெச்சிருந்துச்சு." சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. "அதுக்குள்ள இருக்கற குழாயெல்லாம் ரொம்பச் சன்னம். இவங்க ஊசி போகாது. அறுத்தாத்தான் தெரியும். அறுத்தா அப்பறம் தண்ணி நிக்காது, எஞ்சினும் ஓடாது. இந்த மாடலுக்கு வேற கெடைக்காது."

"அறு."

"அக்கா, யோசிச்சுக்கோ. நம்ம கெணறு..."

"அறுடான்னா."

எஞ்சினை அணைத்துவிட்டு, சேனாபதி இரும்பறுக்கும் வாளை எடுத்தான். முதல் கீறலிலேயே சூடான தண்ணீர் பீய்ச்சி, எல்லாரின் காலடியிலும் பரவியது. பித்தளைக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றின் உள்ளும் செங்கல் நிறம்.

ரெஜினா குந்தி உட்கார்ந்து, அறுபட்ட விளிம்பில் ஊசியை வைத்தார்.

"பொண்ணு பொறந்த வருஷம்?"

வஞ்சிக்கொடி சொன்னாள். தாமிரா அவள் கையைப் பிடித்திருந்தாள். ஊசி அடுக்கு அடுக்காகக் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இருக்கு," என்றார் ரெஜினா. பிறகு மூன்று பெயர்களையும் கேட்டு, மூன்றுக்கும் எதிரே இந்த ஊரையே எழுதிக்கொண்டார்.