பாலிஷ் காயாத அறை

வீட்டுக்குள் இருக்கும் காற்றை அளப்பதுதான் என் தொழில். புதுப் பெயின்ட், பிளைவுட், பசை, சோபா நுரை எல்லாம் மாதக்கணக்கில் நச்சைக் கக்கும். மீட்டரை வைப்பேன், எண்ணைச் சொல்வேன், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். பயப்பட இதில் ஒன்றுமில்லை என்றுதான் அன்று காலை பதினோரு மணி வரை நினைத்திருந்தேன்.

ஏழாவது மாடி. குடிவந்து மூன்று மாதமான கணவன், மனைவி. கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

“பின்னாடி ரூம்தான் சார். உள்ள போனாலே தொண்டைய யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கு.”

“புதுச் சாமான்ல வேற என்ன, ரோஜாப்பூ வாசனையா வரும்?” என்று சிரித்தார் கணவர்.

கூடத்தில் எண் பரவாயில்லை. பின்னறையில் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை மர அலமாரி. தேன் நிறம், கண்ணாடிப் பளபளப்பு. பாலிஷில் கலக்கும் தின்னர் நெடி மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் வாந்தியின் புளிப்பு.

விரலை வைத்தேன். ஒட்டியது. மூன்று மாதமாகியும் பாலிஷ் காயவில்லை.

இரண்டு ஜன்னல்களையும் திறந்தேன். எண் இறங்கவில்லை. ஏறியது.

டொக்.

அலமாரிக்குள்ளிருந்து.

டொக். டொக்.

“மரம் விரியிற சத்தம் சார்,” என்று கணவர் கைப்பிடியை இழுத்தார். உள்ளே வெறும் தட்டுகள். “பாத்தீங்களா?” என்று கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அவர் அலறினார். கதவு திறந்து மறுபடி அறைந்தது. மறுபடியும். பளபளப்பின் மேல் ரத்தம் தெறித்து வழிந்தது.

ஜன்னல்கள் தாமாகச் சாத்திக்கொண்டன.

அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். ஏதோ என் மார்பில் உதைத்தது. சுவரில் போய் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் தலை அலமாரியில் மடார் மடாரென்று மோதிக்கொண்டிருந்தது, பின்மயிரை யாரோ கொத்தாகப் பிடித்து இடிப்பதைப் போல. பற்கள் தரையில் சிதறின. பிளந்த வாயிலிருந்து தேன் நிறத்தில் ஏதோ நுரைத்து வழிந்தது.

“கதவத் திறங்க சார்... மூச்சு முட்டுது...”

அவர் வாய்தான். குரல் அவருடையதல்ல.

மனைவி சுத்தியலோடு ஓடிவந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். கை கிழிந்து ரத்தம் கொட்டியது. வெளிக்காற்று வந்தும் பிடி விடவில்லை.

“பாலிஷ்காரண்ணே!” அவள் அலமாரியைப் பார்த்துக் கத்தினாள். “ஈரத்துல தூசி ஒட்டக்கூடாதுன்னு இவர்தான் ஜன்னலையும் அடைச்சு, உங்கள இந்த ரூமுக்குள்ள வச்சுத் தாழ் போட்டாரு. நீங்க தட்டினது எனக்கும் கேட்டுச்சு அண்ணே. இவர் வேண்டாம்னாரு, நானும் திறக்கல. நீங்க நெஞ்சுவலில செத்ததா எல்லாரையும் நம்ப வச்சோம். என்னையும் அடிங்க!”

அறை அடங்கியது.

அவர் மூட்டையாகச் சரிந்தார்.

உயிர் தப்பியது, மூன்று விரல் போயிற்று. அவள் போலீசிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இருவரும் ஜாமீனில் வந்ததும் ஒரு பழைய வீட்டுக்கு மாறினார்கள். வெறும் தரை, வெறும் சுவர், நாலு பக்கமும் காற்று.

போன வாரம் அவள் போன் செய்தாள்.

“சார், இங்க ஒரு கட்டில்கூட இல்ல. ஆனா...” குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. “நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். மூச்சு மூணு கேக்குது.”

“ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்ச அடக்குங்க,” என்றேன்.

அடக்கினார்கள்.

போனில் ஒரு மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்துகொண்டே இருந்தது.