அக்காவின் இரண்டு பதிவுகள்

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றிலேயே தூய்மையானது டெலீட் கட்டளைதான் என்பது துடைப்பத்தின் அசைக்க முடியாத கருத்து. நெருப்புகூடச் சாம்பலை மிச்சம் வைக்கும். டெலீட் எதையும் வைக்காது. அலுவலகத்தின் வெப் அப்ளிகேஷனில் வேண்டாத பதிவுகளை நிரல் எழுதி அழிப்பது அவன் வேலை. துடைப்பம் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அன்று மாலை ஒரு சின்னக் கோளாறு. ஒரே அடையாள அட்டை எண்ணை இருவருக்குத் தரவே தராத அந்த அப்ளிகேஷனில், பக்கத்து இருக்கை அக்காவுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. அதே எண், அதே முகம். இரண்டாவது படத்தில் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி எதுன்னு பாருடா குரங்கே," என்றார் அக்கா, கோப்பையைக் கழுவ எழுந்தபடி. "அழிச்ச உடனே விண்டோவ மூடாத. டேட்டாபேஸ்ல போனாலும் லேப்டாப் ஓடுற வரைக்கும் மெமரில இருக்கும். தப்பாயிட்டா திரும்ப சேவ் பண்ணிக்கலாம்."

"ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலியும் செலுத்திடவாக்கா?"

"வாய் மட்டும் இல்லேன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

அவன் பார்க்கவில்லை. முதலில் வந்த பதிவை எடுத்து, நிரலில் அதற்கு 'ஆள்' என்று பெயர் வைத்து, டெலீட் கொடுத்தான்.

ஏசியின் முனகலுக்கும் யாரோ பாதியில் விட்டுப்போன காப்பியின் ஆறிய வாடைக்கும் நடுவே, நடைபாதைக் கோடியில் கோப்பைமேல் விழுந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீரின் சத்தம், யாரும் குழாயை மூடிய ஒலியே இல்லாமல், சட்டென்று நின்றது. பிறகு காலடிகள். அக்காவின் செருப்பு தரையில் இழுபடும். இது இழுபடவில்லை.

"முடிஞ்சிடுச்சா தம்பி?"

அக்கா அவனை ஒருநாளும் தம்பி என்றதில்லை. உதட்டில் படத்திலிருந்த சிரிப்பு. பேசும்போதும் அது கலையவில்லை.

லேப்டாப்பில் 'ஆள்' என்று தட்டினான். அக்காவின் பெயர் வந்தது. பதிவு எண் இருந்த இடம் காலி. அவசரமாக சேவ் கொடுத்தான்.

'இந்த அட்டை எண்ணில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.'

அந்த ஒருவரை அழிக்கத் தேடினான். அப்படி யாரும் இல்லை என்றது.

மறுபடி சேவ். ஏற்கெனவே இருக்கிறார்.

"விண்டோவ மூடிடுங்களேன் தம்பி. அதான் வேலை முடிஞ்சுதே."

"இருக்கட்டுங்க," என்றான்.

ஆள். பெயர் வந்தது. இன்னும் இருக்கிறார்.

ஆள். வந்தது.

ஆள்.

திரை மங்கியது. மூலையில் பேட்டரிக் குறி. சிவப்பு.

மெல்லத் திரும்பினான். அக்காவின் இருக்கையில் அதே சிரிப்பு. மடியில், சுவரிலிருந்து பிடுங்கி அழகாகச் சுருட்டி வைத்த சார்ஜர் வயர்.