அயலணு நீக்கம்

சுகந்தியின் கையில் ஊசி ஏறிய நாலாவது நிமிடம் துப்புரவிகள் அவளுடைய இதயத்தை எட்டிவிட்டன. செவ்வணுவில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நுண்பொறிகள் அனுப்பிய படம் திரையில் விரிந்தது. மயிரிழையைவிட மெல்லிய ரத்த நாளத்துக்குள் செவ்வணுக்கள் உடம்பை மடித்துச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்த நாளத்தின் சுவர் ஒரே ஓர் உயிரணுவின் கனம்தான்.

"உள்ள எறும்பு ஊறறாட்ட இருக்குது கண்ணு."

"அதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. நீயா நெனச்சுக்கறே" என்றாள் மகள் இளவேனில்.

இளவேனில் ஆறு வருடங்களாக அந்தத் தாலுகா மருத்துவமனையில் நாளத்துப்புரவுப் பொறியை இயக்குகிறாள். பொறி வந்த பிறகு பக்கவாதத்துக்கென்று இருந்த வார்டையே மூடிவிட்டார்கள். அறுபது தாண்டிய எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை வந்து படுக்க வேண்டும். கொழுப்பு, கட்டி, உறைந்த ரத்தம் எல்லாம் அரைமணி நேரத்தில் போய்விடும். இந்த வருடம் புதிதாக அயலணு நீக்கமும் சேர்ந்திருந்தது. நோயாளியின் மரபோடு பொருந்தாத உயிரணு எதுவானாலும் பின்னால் புற்றாக மாறக்கூடும் என்பது மேலிடத்தின் கணிப்பு.

'அயலணு: நாற்பத்தொரு இடங்கள். நீக்கலாமா?' என்று திரை கேட்டது.

இளவேனில் ஆம் என்பதைத் தொட்டாள். பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்பதை அவள் கவனித்திருந்தாள். ஏன் என்று யோசிக்க வெளியே நின்ற வரிசை விடவில்லை.

மூன்று மாதத்தில் சுகந்திக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே வாங்கியது. டாக்டர் யாஸ்மின் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார். இதய நாளங்களில் நாற்பத்தொரு இடங்களில் சுவர் இற்றுப்போய் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நீக்கிய அணுக்களின் மரபுப் பதிவை அவர் மருத்துவமனைத் தரவுகளோடு ஒப்பிட்டார். ஊழியர்களின் பதிவும் அதில் இருந்தது.

"பொருந்துது இளவேனில். உங்களோட."

இளவேனிலுக்குப் புரியவில்லை.

"குழந்தை வயித்துல இருக்கும்போது அதோட அணு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துரும். அது சும்மா கெடக்குதுன்னுதான் நெனச்சிருந்தோம். தேஞ்ச எடமாப் பாத்து ஒட்டி, அங்கயே சுவரா நின்னிருக்கு."

இளவேனிலின் ரத்தத்திலிருந்தே புதிய அணுக்களை வளர்த்துச் சுகந்திக்குச் செலுத்தினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. அம்மாவின் வெள்ளணுக்கள் மகளின் அணுக்களைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தின்பதை இளவேனில் அதே திரையில் பார்த்தாள். அந்த அணுக்களை உள்ளே விடுவது கருவைச் சுமக்கும் காலத்தில் மட்டும் உடல் காட்டும் சலுகை. இப்போது அந்த உடலுக்கு அவள் அயல்.

சாத்துக்குடி உரித்துக்கொடுத்த ஒரு மதியத்தில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுகந்தி பனியன் கம்பெனியில் முப்பது வருடம் ஓவர்லாக் தைத்தவள்.

"அப்ப ஒட்டுப் போட்டிருந்ததப் பிரிச்சுட்டாங்களா?"

"நாந்தாம்மா பிரிச்சேன்."

சுகந்தி ஒரு சுளையை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். "இத்தன வருஷமா உள்ளயே இருந்திருக்கறே. நான் வேற, இவ ஒரு ஃபோன்கூடப் பண்ண மாட்டேங்கறாளேன்னு உம்மேல கோவிச்சுட்டுக் கெடந்தேன்."

இளவேனில் தோலைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். கூடையருகிலேயே வெகுநேரம் குனிந்து நின்றாள்.

ஐப்பசி மழையில் சுகந்தி போய்ச் சேர்ந்தாள். டாக்டர் யாஸ்மின் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இளவேனில் வேலைக்குத் திரும்பியபோது வரிசை வாசல்வரை நின்றது.

முதல் ஆள் கலைவாணி என்ற பெண்மணி. அறுபத்திரண்டு வயது. படுக்கும்போதே சொன்னாள்: "ஒண்ணு விடாம எல்லாத்தையும் சுத்தமா எடுத்துருங்க சாமி."

ஊசி ஏறியதும் திரையில் அயலணுக்கள் இரண்டு மரபுகளில் தெரிந்தன. இளவேனில் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ரெண்டு குழந்தைங்களாம்மா?"

"ஒரே பையன்தானுங்க. பெங்களூர்ல இருக்கறான்." கலைவாணி கூரையைப் பார்த்தாள். "அவனுக்கு முன்னால ஒண்ணு. மூணு மாசத்துல போயிருச்சு. தங்கலீங்க."

இளவேனில் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"தங்கியிருக்குதுங்கம்மா."

பிறகு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கலைவாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பொண்ணுங்களா, பையனுங்களா?"

"பொண்ணுங்கம்மா."

நாற்பது வருடங்களாக அவள் யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த கேள்வி அது. பிறகு ஊசியை எடுத்துவிடச் சொன்னாள்.