பாங்காக்கில் பெரியம்மாவைத் தேடி

“வழிகாட்டி எதுக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்” என்று யாமினி சொன்னபோது, செல்விக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாங்காக்கில் அது அவர்களுக்குக் கடைசி நாள். மாலை நான்கு மணிக்கு விமான நிலையத்துக்கு வேன் கிளம்பும். அதற்குள் ஆற்றங்கரைக் கோயில்கள், பூச்சந்தை, படகுச் சவாரி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். கையில் போனும் தோளில் பையுமாக யாமினி முன்னால் நடந்தாள். மூவரின் பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்தான் இருந்தது.

யாமினி சென்னையில் பொறியியல் படிப்பவள். பெரியம்மா சண்முகத்தாயும் அவர் மகள், யாமினிக்கு இளையவளான மாரிச்செல்வியும் கோவில்பட்டிக்காரர்கள். யாமினியின் அம்மாவுக்கு லீவு கிடைக்காததால், டூரில் அந்த இடத்துக்குப் பெரியம்மா வந்திருந்தார். அவர் வெளிநாடு வருவது இதுவே முதல் தடவை. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, தலையில் டூர்க்காரர்கள் கொடுத்த மஞ்சள் தொப்பி, எங்கே போனாலும் தெருவுக்கே கேட்கும் குரல். முதல் இரண்டு நாள் யாமினிக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் கூச்சமாகிவிட்டது.

வாட் போ கோயிலுக்குள் நுழைந்ததும் செல்வி படம் எடுக்க ஓடிவிட்டாள். மண்டபம் முழுக்க நீண்டு படுத்திருந்தார் தங்கப் புத்தர். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த சித்திர வேலை மின்னியது. பெரியம்மா அந்தப் பாதங்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆட்கள் நடக்கும் வழியிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். நடந்து வந்தவர்கள் தடுமாறி நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். நாலைந்து போன்கள் அவரைப் படமெடுத்தன.

அந்தக் கூட்டத்தில் யாமினியின் கல்லூரி சீனியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஆச்சரியத்தோடு வந்து கட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி கீழே கண்ணைக் காட்டி, இவங்க உன்கூட வந்தவங்களா என்று கேட்டாள்.

“இல்லக்கா. எங்க டூர்ல வந்தவங்க. யாருன்னு தெரியல.”

சொல்லிவிட்டுத் திரும்பினாள். பெரியம்மா எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டியபடி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு மெல்ல நகர்ந்தார். சீனியர்கள் பேசி முடித்துக் கிளம்பியபோது அவரைக் காணவில்லை.

வாசலில், செருப்பு வைக்கும் இடத்தில், கழிவறைப் பக்கம் என்று எங்கே தேடியும் இல்லை. பெரியம்மாவிடம் போன் கிடையாது. தாய்லாந்து மொழி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தங்கியிருக்கும் ஹோட்டலின் பெயர்கூட அவர் வாயில் நுழைந்ததில்லை.

அம்மா எப்படித் தொலைந்தார் என்று, படம் எடுத்துவிட்டு வந்த செல்வி கேட்டாள். கூட்டத்தில் பிரிந்துவிட்டார் என்றாள் யாமினி. அந்தப் பொய்தான் அவர்களைச் சுற்றவிட்டது. “அப்படின்னா இங்கதான் பக்கத்துல நிப்பாங்க. தொலைஞ்சா நின்ன எடத்துலயே நிக்கணும்னு அம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க” என்று செல்வி உறுதியாகச் சொன்னாள். அதை நம்பி இருவரும் கோயிலை இரண்டு முறை சுற்றினார்கள். கருவாட்டு வாடை வீசும் ஆற்றங்கரைச் சந்துகளில் ஒவ்வொரு கடையாகப் போய்ப் போனில் பெரியம்மாவின் படத்தைக் காட்டினார்கள். படகேறி அக்கரையிலிருந்த வாட் அருண் கோபுரத்துக்குப் போனார்கள். செங்குத்தான படிகளில் செல்வி தாவி ஏறி, மேலிருந்து மஞ்சள் தொப்பி தெரிகிறதா என்று பார்த்தாள். மஞ்சள் தொப்பிகள் நிறையத் தெரிந்தன. ஒன்றும் அவள் அம்மாவுடையதில்லை.

இறங்கி வந்தவள், அம்மாவை யாராவது ஏதாவது செய்துவிட்டார்களோ என்று கேட்டாள். அதற்குமேல் யாமினியால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள். தான் சொன்ன வார்த்தைகளை ஒன்றுகூட மாற்றாமல் சொன்னாள்.

செல்வி அவளை வெறித்துப் பார்த்தாள்.

“எங்கம்மாவையா?”

அந்த ஒரு கேள்விக்கு யாமினிக்கு உடம்பெல்லாம் கூசியது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அம்மா தொலைந்து போகவில்லை, தானாகவே போயிருக்கிறார். அப்படியானால் காத்து நிற்க மாட்டார். தன் பேச்சு யாருக்காவது புரிகிற இடமாகத் தேடித்தான் போவார். முதல் நாள் வேனில் வரும்போது சீலோம் சாலையில் ஒரு மாரியம்மன் கோயில் தெரிந்ததும், இறங்கிக் கும்பிட்டுப் போகலாம் என்று பெரியம்மா கெஞ்சியிருந்தார். ஊரில் பார்க்காத மாரியம்மனா என்று தடுத்தவள் யாமினிதான்.

இக்கரைக்குத் திரும்பி ஒரு டுக்-டுக் ஆட்டோவைப் பிடித்தார்கள். பாதி வழியில் வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. வண்டிகள் அசையாமல் நின்றன. இருவரும் இறங்கி ஓட ஆரம்பித்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யாமினி ஓடினாள். அவளுக்கு முன்னால் ஓடிய செல்வி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மழைக்குள் வண்ண வண்ணமாகக் கோபுரம் தெரிந்தது. உள்ளே செவ்வந்தி மாலைகளோடு தாய்லாந்துக்காரர்கள் கூட்டமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சன்னதிக்கு முன்னால் பெரியம்மா இல்லை. பிராகாரத்திலும் இல்லை. அப்போது செல்வி ஒரு தூணை நோக்கிப் பாய்ந்தாள்.

தூணுக்குப் பின்னால் நனைந்த சேலையோடு சுருண்டு உட்கார்ந்திருந்தார் சண்முகத்தாய். மகளைக் கண்டதும் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். யாமினியைப் பார்த்ததும் சட்டென்று குரலைச் சரிசெய்துகொண்டு, “நான் ஒரு கூறுகெட்டவ, வழி தெரியாமப் படகு மாறி ஏறிட்டேன்” என்றார்.

யாமினி அவர் எதிரே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். “நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல பெரியம்மா?”

அவர் முந்தானையைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார்.

“கேட்டுச்சு. அந்தப் பிள்ளைக போற வரைக்கும் தள்ளி நிப்போம்னுதான் வெளிய வந்தேன். உனக்கு எதுக்குச் சங்கடம்? நீங்களும் அடுத்து அக்கரைக்குத்தான வருவீங்கன்னு, வரிசையில நின்னவங்களோட படகுல ஏறிட்டேன். அக்கரையில விடும்னு நெனச்சேன், அது நீளப் போயிருச்சு. எறங்கி, நடந்து நடந்து, கோபுரத்தைப் பாத்ததும்தான் உசுரே வந்துச்சு.”

அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. யாமினிக்குச் சங்கடம் வேண்டாம் என்று ஒதுங்கிப் போயிருக்கிறார். அவர் தன்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட யாமினிக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரி எந்திரி, நேரமாச்சு என்றார் பெரியம்மா. யாமினி டூர்க்காரருக்குப் போன் செய்து, தவறு தன்னுடையது என்று சொல்லிக் கெஞ்சினாள். வேன் சுற்றிக்கொண்டு கோயில் வாசலுக்கே வந்தது. தாமதமானதற்கு அதில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். யாமினி தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். விமானத்தைப் பிடித்துவிட்டார்கள்.

சென்னை விமான நிலையத்தில் யாமினியின் அம்மா காத்திருந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டு, பிள்ளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாளா என்று கேட்டாள். “ஒரு கொறையும் இல்ல. கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டா” என்றார் சண்முகத்தாய்.

பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் அதோடு முடிந்துவிடும். யாமினி இருக்கவில்லை.

“இல்லம்மா. பெரியம்மாவை நான் தொலைச்சிட்டேன். அதுக்கு முன்னாடி, அவங்க யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன்.”

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. இதையெல்லாம் எதுக்கு இப்பச் சொல்லிக்கிட்டு என்று பெரியம்மா அதட்டினார். ஆனால் சொன்ன பிறகுதான் யாமினிக்கு மூச்சு சீராக வந்தது. ஒருவரின் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைவிட, வெட்கத்தோடு வெளிச்சத்தில் நிற்பது மேல் என்று அவளுக்குப் பட்டது.

மாரியம்மன் கோயிலிலிருந்து அதுவரை செல்வி அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது கனமான பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றவள், நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்தப் பக்கத்தைப் புடி அக்கா” என்றாள்.