அவர் சாய்ந்திருந்த சுவர்

அக்காவுக்கு நாற்றம் புதிதல்ல. பதினாறு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை. சீழும் வாந்தியும் ஊறிய விரிப்புகளுக்கு நடுவேதான் காலைத் தேநீர் குடிப்பாள். பெருந்தொற்று நாட்களில்கூட ஒருநாள் லீவு போடாதவள். "என் மூக்கு செத்து எத்தனையோ வருஷமாச்சு" என்று சிரிப்பாள்.

அந்த மூக்கே, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தம்பி வீட்டு மூன்றாம் மாடி வாசலில், கதவு திறக்கும் முன்பே சுருங்கியது.

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஊர்சுத்தி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். சாப்பிடும்போதும் ஒரு கால் வாசலில் இருக்கும். கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஊரடங்கின்போது கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. கெடுபிடி தளர்ந்த மாதம் இந்த வீட்டுக்குத் தனியாகக் குடி வந்தான். உலகமே வெளியே வந்துவிட்டது, அவன் வரவில்லை. "கூட்டம் ஒத்துக்கலக்கா" என்றான் முதலில். அப்புறம், "வீட்ல இருக்கிற சுகம் எங்கயும் இல்லக்கா" என்றான். யார்தான் மாறவில்லை, தனக்குமே கல்யாண வீடுகளுக்குப் போக அலுப்பாகத்தானே இருக்கிறது என்று அக்காவும் விட்டுவிட்டாள். போன வருடம் வந்தபோது வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டான். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

இன்று விடுவதாக இல்லை. மறுநாள் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். "அவனை ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்" என்று கேட்டிருந்தார்.

கதவு ஒரு சாண் திறந்தது. தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி ஊதிப்போயிருந்தான். குண்டாகவில்லை, ஊறிப்போயிருந்தான். வெகுநேரம் தண்ணீரில் கிடந்த விரல் நுனி மாதிரி முகமெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. சட்டையின் முதுகுப்புறம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஆனால் சிரித்தான். அத்தனை நிம்மதியான சிரிப்பை அக்கா அவன் முகத்தில் பார்த்ததே இல்லை.

"அப்பா உன்னப் பாக்கணுமாம். சட்டைய மாத்து, கிளம்பு."

"போலாம்க்கா. சாப்பிட்டுட்டுப் போலாம்."

இவ்வளவு லேசில் சம்மதிப்பான் என்று அவள் நினைக்கவில்லை. ஜன்னலைத் திறக்கப் போனாள். சட்டத்தின் விளிம்பெல்லாம் எதையோ தடவி அடைத்திருந்தது. விரல் வைத்தாள். கொழகொழவென்று ஒட்டியது. முகர்ந்து பார்க்காமல் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அவன் மேசைக்குப் பின்னால் ஒரு சுவர். அதில் ஆள் அளவுக்கு ஈரக்கறை. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்த ஒருவருடைய தலை, தோள், இடுப்பு. எல்லாம் அச்சாகத் தெரிந்தது. ஓதம் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் தலை இருந்த இடத்தில் நரைமுடி ஏழெட்டு இழை சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

தம்பி இரண்டு தட்டு எடுத்து வைத்தான்.

"எனக்கு வேண்டாம்டா."

"உனக்கில்லக்கா."

அவன் போய்க் கறைக்கு அருகே தரையில் உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்தான். ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல் பொத்தென்று ஒரு சத்தம். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். மென்றதை உள்ளங்கையில் துப்பினான். அதைச் சுவரில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், பரிவோடு அப்பினான்.

"அவருக்குப் பல் இல்லக்கா."

அப்பியது கரைந்து உள்ளே போனது.

சுவருக்குள் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யாருடா அது?" என்றாள்.

"எனக்கு முன்னாடி இங்க இருந்தவர். ரிட்டயர்டு வாத்தியார். ஊரடங்குல இங்கயே சாஞ்சபடி செத்துட்டார். பதினெட்டு நாள் யாரும் கதவத் தட்டல. மூணு தடவ வெள்ளையடிச்சாங்களாம், போகலையாம்." தம்பி கறையின் தோளைத் தடவினான். "பாவம்க்கா. ஆளில்லாமத்தான் செத்தார். இவர் பக்கத்துல இருந்தா வெளிய போகணும்னே தோணாது. நீயும் கொஞ்சம் சாஞ்சு பாரேன்."

கறைக்கு மறுபுறம் சுவர் மெதுவாக வியர்த்தது.

ஒருத்தர் சாய்கிற அளவுக்கு.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அக்காவுக்கு உட்காரலாம் என்று தோன்றிவிட்டது. பதினாறு வருடமாக நின்று நின்று வலித்த கால்கள். எவ்வளவு காலமாகிவிட்டது சும்மா உட்கார்ந்து! முழங்கால் மடங்கவும் செய்தது. அப்போதுதான் சுவரின் வாயிலிருந்து மென்ற ரொட்டி எச்சிலோடு வழிந்து தம்பியின் காதில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை.

அந்த அருவருப்புதான் அவளைக் காப்பாற்றியது.

தம்பியின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். அவன் வரவில்லை. முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. ஈரச் சுமை இழுத்து உரமேறிய கைகள் அவளுடையவை. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு ஒரே இழு. சட்டை கிழிந்தது. சட்டைக்கும் சுவருக்கும் நடுவே பிசின் மாதிரி இழை இழையாக நீண்டு அறுந்தது. ஒரு தலையணை உறை அகலத்துக்கு அவன் முதுகுத்தோல் சுவரிலேயே தங்கிவிட்டது.

தம்பி கத்தவில்லை. சுவர்தான் முனகியது.

படியெல்லாம் அவனை இழுத்துக்கொண்டே இறங்கினாள். தெரு வெயிலில் வைத்துத்தான் வாந்தி எடுத்தாள்.

அப்பாவும் மகனும் ஒரே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி, குப்புறக் கிடந்த மகனின் கன்னத்தைத் தொட்டு, "வந்துட்டியாடா ஊர்சுத்தி" என்றார். பிழைத்து எழுந்தார். தம்பிக்கும் முதுகு ஆற மூன்று மாதமாயிற்று. எதனால் இப்படி என்று டாக்டர்கள் கேட்டார்கள்; அக்கா வெந்நீர் கொட்டியதாகச் சொல்லிவிட்டாள். அந்த வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பீரோவில் வைத்தாள். தம்பி அவள் வீட்டிலேயே தங்கினான். மெல்ல மெல்லத் தெருமுனை வரை நடந்தான், பஸ் ஏறினான், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சினிமாவுக்கும் போய்வந்தான். அன்று அவனைத் திட்டிக்கொண்டே அக்கா அழுதாள்.

நேற்று மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், சாப்பாடு டெலிவரி. இப்பக் குடுத்துட்டு இறங்கினேன்ல, ஒரு பொட்டலம் பையிலயே தங்கிடுச்சு. திரும்ப மேல வந்து நிக்கறேன்."

"நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே. எந்த வீடு?"

"மூணாம் மாடி சார். நீங்கதானே வாங்கினீங்க? கதவ ஒரு சாண்தான் திறந்தீங்க, முகம் தெரியல. ஆனா இதே குரல் சார்."

அக்கா எச்சில் கையோடு எழுந்து பீரோவைத் திறந்தாள். சாவி இருந்தது.

போனுக்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம். பிறகு, மேசைக்கு எதிரே வாயைத் திறக்காமல் உறைந்திருந்த தம்பியின் குரலே போனில் மெல்லக் கேட்டது.

"வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வந்து கொஞ்சம் உக்காருங்களேன்."