கலங்கிய பை

எழுத்து தெரியவில்லை.

கணவனின் வயிற்றுக் குழாயிலிருந்து வடிந்து நிறைந்த பையை வழக்கம்போல் செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்த்தாள். சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து வீட்டிலேயே அவன் வயிற்றுக்குள் திரவத்தை ஏற்றி இறக்குவது அவள் வேலை. பைக்கு அடியில் உள்ளதைப் படிக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் உள்ளே கிருமி என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இன்று கொட்டை எழுத்தே அரிசி கழுவிய தண்ணீருக்குள் மூழ்கியதுபோல் கிடந்தது.

பையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போதுதான் மருந்துக்கடை வைத்திருக்கும் கொழுந்தன் வாயைத் திறந்தான்.

"நேத்தே அண்ணனுக்கு வயிறு வலிச்சுது அண்ணி. கடையில இருந்த ஆன்டிபயாட்டிக்கைக் குடுத்துட்டேன். உங்களை எதுக்குப் பயமுறுத்தணும்னுதான்..."

"முதல்ல பைத் தண்ணியை டெஸ்டுக்குக் குடுக்கணும், அப்புறம்தான் மருந்துன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடா! இனிமே எந்தக் கிருமின்னு எவன் கண்டுபிடிப்பான்?"

அவன் சிரித்து மழுப்பினான். அந்தச் சிரிப்பைப் பிய்த்து எறியலாம்போல் இருந்தது.

அவள் பயந்தபடியே ஆயிற்று. பையைக் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் லேபிலிருந்து போன் வந்தது. "அந்தத் தண்ணியில கிருமி எதுவும் வளரலைங்க. முன்னாடியே குடுத்த மருந்து முந்திக்கிச்சு. டாக்டர் பொதுவா ஒரு மருந்து எழுதியிருக்கார், திரவத்துல கலந்து ஏத்துங்க."

ஏற்றினாள். அடுத்த பை இன்னும் கலங்கி வந்தது. பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தும் அந்த அறையில் ஈரத்துணியை மூட்டைகட்டி வைத்ததுபோல் ஒரு வாடை சுற்றிச் சுற்றி வந்தது, குழாயில் திரவம் இறங்கும் களக் களக் சத்தமோ பை நிறைந்து குழாயை மூடிய பிறகும் கட்டிலின் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. குழாயின் மூடியை இன்னொரு முறை திருகி இறுக்கினாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

"அதான் வளரலைன்னுட்டாங்களே அண்ணி, அப்புறமென்ன?" என்றான் கொழுந்தன் வாசலிலிருந்து.

வளரவில்லையாம். அப்படியானால் இது என்ன?

கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலையிலிருந்து திரும்பவில்லை. செய்தித்தாளைத் தேடப் பொறுமையில்லை. பையை அவனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பைக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெரிந்தால் போதும்.

"இங்க திரும்புங்க."

கட்டில் கிரீச்சிட்டது.

பைக்குள் வெறும் வெண்மை.

"திரும்புங்கன்னு சொல்றேன்ல!"

"உன்னைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவன் குரல்தான். மிக அருகில்.

பையை இறக்கினாள்.

அப்போதும் முகம் தெரியவில்லை. தலையணை மேல், கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில், அதே கலங்கல், மெல்ல ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.